சங்கு அறுக்குற பட்டறைக்குள்ள போன புலவர்

கடல்ல இருந்து அப்பத்தான் எடுத்த சங்கு வெள்ளையா இருக்காது. மேல பூரா பழுப்பா சொரசொரன்னு ஒரு தோல் மூடியிருக்கும், வாய்ப்பக்கம் மட்டும் லேசா இளஞ்சிவப்பு ஓடும், உள்ள சதை உசுரோட இருக்கும், தொட்டா உள்ளுக்கு இழுத்துக்கிட்டு ஒரு கெட்டியான தட்டை வச்சு வாயை அடைச்சுக்கும். அந்தத் தட்டுக்கு நகம்னு பேரு. சதையை எடுக்கணும், தோலைச் சுரண்டணும், கழுவணும், தேய்க்கணும், அப்புறம்தான் பூஜை ரூம்ல நாம பாக்குற அந்த வெள்ளை வரும். கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை பக்கம் கடலோரத்துல வளந்தவங்களுக்கு இது புதுசு இல்ல. ஆனா சங்கு பிறக்கும்போதே வெள்ளைன்னு நினைச்சுக்கிட்டிருக்கிறவங்களை நிறையப் பாத்திருக்கேன், அதுவும் சங்கைப் பத்தின பாட்டெல்லாம் மனப்பாடமாச் சொல்றவங்களை.

நான் விலங்கியல் படிச்சவ, பள்ளிக்கூடத்துல அதையே சொல்லிக் குடுக்கிறேன். சித்தப்பா சங்குகுளிக்குப் போனவர். தமிழ்ப் பாட்டு மேல ஆசை அம்மா வழியில வந்தது. இந்த மூணும் எனக்குள்ள ஒண்ணாத்தான் இருந்துச்சு, ஆனா பதினொண்ணாம் வகுப்புல குரூப் எடுக்கும்போது ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் "சயின்ஸ் படிச்ச பிள்ளைக்கு அகநானூறு எதுக்கு"ங்கிற கேள்வி மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. கேக்குறவங்க நல்ல எண்ணத்துலதான் கேக்குறாங்க. அவங்களுக்குப் பதிலா நான் எப்பவும் ஒரே ஒரு பாட்டைத்தான் சொல்வேன்.

அகநானூறு 24, ஆவூர் மூலங்கிழார் பாட்டு. தை மாசக் கடைசி, குளிர்ந்த மழைத் தூத்தல், போர்ப் பாசறையில இருக்கிற ஒருத்தன் வீட்டை நினைக்கிறான். அது முல்லைத் திணை, கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா முதல் வரியே இப்படி வரும்:

வேளாப் பார்ப்பான் வாளரம் துமித்த
வளைகளைந்து ஒழிந்த கொழுந்தின் அன்ன
தளைபிணி அவிழாச் சுரிமுகப் பகன்றை

வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருத்தன் வாளரத்தால சங்கை அறுத்து வளையல் எடுக்கிறான். வளையலுக்கு ஆகுற பகுதியெல்லாம் போனப்புறம் மிச்சம் கிடக்கிற நுனி இருக்குல்ல, அந்தச் சுருண்ட கொழுந்து, அது மாதிரி இருக்காம் இன்னும் விரியாத பகன்றை மொட்டு. பகன்றைங்கிறது சிவதைக் கொடின்னு அடையாளம் சொல்றாங்க, வெள்ளைப் பூ, மொட்டா இருக்கும்போது இதழ் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி முறுக்கிக்கிட்டு நிக்கும்.

இந்த உவமையில என்னை ஆட்டிப் படைக்கிறது என்னன்னா, புலவர் சொல்ற சங்கு முழுச் சங்கு இல்ல. பெருமாள் கையில இருக்கிற சங்கு இல்ல, ஊதுற சங்கு இல்ல. பட்டறைத் தரையில தூக்கிப் போட்ட கழிவு. அதைப் பாக்கணும்னா பட்டறைக்குள்ள போயிருக்கணும், தூசி பறக்குற இடத்துல நின்னிருக்கணும், ரம்பம் எந்த வாட்டத்துல இறங்குது, எந்தத் துண்டு வளையல் ஆகுது, எது ஆகாதுன்னு கவனிச்சிருக்கணும். அப்புறம் அதே கண்ணோட வேலியோரத்துல ஒரு கொடி முன்னாடி நின்னு மொட்டை உத்துப் பாத்திருக்கணும். ரெண்டு இடத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை அவர் மனசு ஒரே எட்டுல தாண்டியிருக்கு. விஞ்ஞானின்னு நாம யாரைச் சொல்றோமோ அவங்க செய்யிற வேலையும் தொடங்குறது இங்கதான்.

சங்கை அறுக்குற தொழில் பாட்டுல மட்டும் இருந்ததில்ல. மதுரைக்காஞ்சியில மதுரைத் தெருவுல இருந்த தொழில்காரங்களைச் சொல்லும்போது "கோடுபோழ் கடைநர்"னு வரும், சங்கை அறுத்துக் கடையிறவங்க. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துலயே வைகை கடலுக்கு வர்ற இடத்துப் பக்கம் அழகன்குளத்துல 1986-ல இருந்து தொல்லியல் துறை தோண்டினதுல ரோமானியக் காசு, கப்பல் படம் கீறின பானை ஓடு இதோட சங்கு வளையலும் வந்துச்சு. அப்புறம் இந்தக் கடல் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்க கல்யாணமான பொண்ணுங்க கையில வளையலாச்சு, டாக்காவுல சங்கு அறுக்குறவங்களுக்குன்னே ஒரு தெரு இருக்கு. சென்னை மாகாண மீன்வளத் துறையில இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல இந்தச் சங்கைப் பத்தியே தனியா ஒரு புத்தகம் போட்டார், பாம்பன் ரயில் பாலம் திறந்த அதே வருஷம். அதுல உசுரோட இருக்கிற சங்கும் உண்டு, சங்கு எடுக்கிற மனுசங்களும் உண்டு, வளையல், சடங்கு, பழைய கதை எல்லாம் உண்டு. ஒரு மீன்வள அதிகாரி எழுதினது. இப்ப அதை எந்த டிபார்ட்மென்ட் அலமாரியில வைக்கிறதுன்னே சண்டை வரும்.

சங்கு ஏன் சுருளுது? ஓட்டுக்குள்ள இருக்கிற உயிர் வளர வளர வீட்டைப் பெருசாக்கணும், ஆனா ஏற்கனவே கட்டினதை இடிச்சுக் கட்ட முடியாது, வாயோட விளிம்புல மட்டும்தான் புதுசாச் சேக்க முடியும். விளிம்போட ஒரு பக்கம் கொஞ்சம் வேகமாவும் இன்னொரு பக்கம் கொஞ்சம் மெதுவாவும் சேந்துக்கிட்டே போனா ஓடு தானா வளையும், அந்த வேக விகிதம் மாறாம இருந்தா சங்கு எவ்வளவு பெருசானாலும் வடிவம் மாறாது. கணக்குக்காரங்க இதை மடக்கைச் சுருள்னு சொல்வாங்க. 17-ஆம் நூற்றாண்டுல தெக்கார்த் எழுதின சுருள், யாக்கோபு பெர்னூலி தன்னோட கல்லறையில செதுக்கச் சொன்ன சுருள். பாசல் ஊர்ல அந்தக் கல்லைச் செதுக்கின கல்தச்சன் வேற சுருளைச் செதுக்கிட்டான், சுத்துக்குச் சுத்து இடைவெளி மாறாத ஆர்க்கிமிடிஸ் சுருளை. அந்தத் தச்சன் ஒரு சங்கைக் கையில வச்சுக்கிட்டு உளி எடுத்திருந்தா அது நடந்திருக்காதுன்னு நான் நம்புறேன்.

இந்த வளர்ச்சிக் கணக்கை 1917-ல பெருசா எழுதினவர் ஸ்காட்லாந்துக்காரர் டார்சி தாம்சன். சங்கு, கொம்பு, பூவோட அடுக்குன்னு உலகத்துல சுருள்ற எல்லாத்தையும் ஒரே மேசையில வச்சுப் பாத்தார். அவர் விலங்கியல் பேராசிரியர், அதே நேரத்துல கிரேக்கம் ஆழமாப் படிச்சவர், அரிஸ்டாட்டில் மிருகங்களைப் பத்தி எழுதினதை மொழிபெயர்த்தவர், பழைய கிரேக்கப் பாட்டுல வர்ற பறவைக்கெல்லாம் அகராதி போட்டவர். அவருக்கு இலக்கியம் பொழுதுபோக்கு இல்ல, அதே கண்ணோட இன்னொரு பயிற்சி. பின்னாடி 1966-ல டேவிட் ராப் மூணு நாலு எண்ணை மட்டும் மாத்தி மாத்திக் கம்ப்யூட்டர்ல குடுத்து நத்தை, சிப்பி, சங்குன்னு எல்லா ஓட்டையும் வரைய வச்சுக் காட்டினார். கம்ப்யூட்டர் வரைஞ்ச அந்தக் கோடுகளைப் பாத்தா ஓவியமாத்தான் தெரியும்.

இங்க ஒண்ணைக் கறாராச் சொல்லிடறேன். மூலங்கிழார் டார்சி தாம்சனுக்கு முன்னாடியே வளர்ச்சிக் கணக்கைக் கண்டுபிடிச்சிட்டார்னு வாட்ஸ்அப்ல ஒரு செய்தி வந்தா நான் அதை ஒத்துக்க மாட்டேன். சங்கு சுருள்றது விளிம்புல சேக்குறதால, மொட்டு முறுக்குறது இதழ்கள் ஒண்ணை ஒண்ணு தழுவிக்கிட்டு நிக்கிறதால, காரணம் வேற வேற. புலவர் காரணம் சொல்லவும் இல்ல, ரெண்டையும் பக்கத்துல வச்சார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துல வைக்கிற வேலைக்கே நாம மரியாதை குடுக்கணும், இல்லாததை அது மேல ஏத்த வேண்டியதில்ல. அதே மாதிரி எல்லாச் சங்குலயும் தங்க விகிதம், அதாவது 1.618-ங்கிற எண், இருக்குன்னு சொல்றதும் சரியில்ல, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு விகிதம் உண்டு, அளந்து பாத்தாலே தெரிஞ்சிடும்.

வலம்புரிக்கு வருவோம். சாதாரணச் சங்கை நுனி மேல இருக்கிற மாதிரி பிடிச்சு வாயை நம்மளப் பாக்கத் திருப்பினா வாய் வலது கைப் பக்கம் திறந்திருக்கும். அபூர்வமா ஒண்ணு கண்ணாடியில பாத்த மாதிரி இடது பக்கம் திறந்து வரும், அதைத்தான் நாம வலம்புரின்னு கொண்டாடுறோம். விலை அதிகம்ங்கிறதால போலியும் அதிகம். அமெரிக்கக் கடல்ல இயல்பாவே இடது பக்கம் திறக்குற வேற ஒரு இனம் இருக்கு, அதைக் கொண்டு வந்து வலம்புரின்னு வித்துடறாங்க. வித்தியாசம் கண்டுபிடிக்க விரலே போதும்: நம்ம சங்கோட வாய்க்குள்ள விரலை விட்டு நடுத்தண்டைத் தடவினா மூணு நாலு வரப்பு வரிசையாத் தட்டுப்படும், அந்த அமெரிக்கச் சங்குல தண்டு வழுவழுன்னு இருக்கும். இது சித்தப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது, அப்புறம் காலேஜ்ல அதையே ஓடுகளை வகைப்படுத்துற அடையாளமாப் படிச்சேன்.

இடமா வலமான்னு யாரு முடிவு பண்றா? குளத்து நத்தையை வச்சு ஆராய்ஞ்சதுல 1923-ல ஆல்ஃப்ரெட் ஸ்டர்டிவன்ட் ஒரு விளக்கம் சொன்னார், அதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. நத்தைக் குஞ்சு எந்தப் பக்கம் சுருளும்ங்கிறது அதோட சொந்த மரபணுவைப் பொறுத்தது இல்ல, தாயோட மரபணுவைப் பொறுத்தது. முட்டைக்குள்ள தாய் வச்சு அனுப்புற சரக்கு, முதல் சில செல் பிரிவுகள் எந்தப் பக்கம் சாயணும்னு தீர்மானிச்சிடுது. அதுக்குக் காரணமான மரபணுவை 2016-லதான் பிடிச்சாங்க. பிள்ளைக்குத் தன்னோட மரபணு என்ன சொன்னாலும் திரும்புற பக்கம் அம்மா போட்டது.

ஓவியத்துலயும் இந்த இடம் வலம் விவகாரம் உண்டு. 1650-ல ரெம்ப்ராண்ட் ஒரு கூம்புச் சங்கைச் செப்புத் தகட்டுல செதுக்கி அச்செடுத்தார். தகட்டுல இருக்கிறது காகிதத்துல திரும்பி விழும், அது தெரிஞ்ச மனுசன், அதனால கையெழுத்தைத் தகட்டுல திருப்பி எழுதினார், காகிதத்துல சரியா விழுந்துச்சு. சங்கை மட்டும் கண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரியே செதுக்கினார், அது திரும்பிடுச்சு. அந்தப் படத்துல இருக்கிறது இயற்கையில வலப்பக்கம் திறக்குற சங்கு, படத்துல இடப்பக்கம் திறக்குது. ஒளி நிழல், ஓட்டு மேல புள்ளிகள் எல்லாம் அவ்வளவு துல்லியம், ஆனா விலங்கியல் படிச்ச கண்ணுக்கு அந்த ஒண்ணு உடனே உறுத்தும். அதனால அந்தப் படத்தோட அழகு எனக்குக் கூடத்தான் செஞ்சிருக்கு.

மூதுரையில ஔவையார் பாட்டு எல்லாருக்கும் தெரியும், "கெட்டாலும் மேன்மக்கள் மேன்மக்களே சங்கு சுட்டாலும் வெண்மை தரும்". பரிட்சைக்கு மேன்மக்களைப் பத்தி எழுதிட்டு எல்லாரும் அடுத்த கேள்விக்குப் போயிடறோம். சங்கை ஏன் சுட்டாங்க? சுண்ணாம்புக்குத்தான். சங்கு, சிப்பி எல்லாம் கால்சியம் கார்பனேட். காளவாசல்ல சுமார் 900 டிகிரிக்குச் சுட்டா கரியமில வாயு வெளிய போய் நீறாத சுண்ணாம்பு நிக்கும், 100 கிலோ போட்டா 56 கிலோதான் மிஞ்சும், பாதிக்குக் கிட்ட காத்தாப் போயிருச்சு. ஆனா நிறம் வெள்ளைதான். தண்ணி ஊத்தினா சுருசுருன்னு கொதிச்சு நீறும். அதை மணலோட கலந்து சுவத்துல பூசினா, போன அதே கரியமில வாயுவைக் காத்துல இருந்து மெல்ல மெல்லத் திரும்ப இழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட்டா இறுகிடும். அதாவது சங்கு எதால ஆனதோ சுவரும் அதாலயே ஆகுது. ஔவை பாட்டுல இருக்கிற மேன்மக்கள் உவமை இந்தச் சுத்து முழுசும் தெரிஞ்சா இன்னும் பலமா நிக்குது, சுட்டு பாதி எடை போனது திரும்ப எழும்பி நிக்குதே.

ராமநாதபுரம் அரண்மனையில ராமலிங்க விலாசத்துக்குப் போனவங்க அந்தச் சுவரோவியங்களைப் பாத்திருப்பீங்க, 18-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல சேதுபதிகள் காலத்துல எழுதினது, ராமாயணம், மராட்டியரோட சண்டை, வெள்ளைக்காரங்க அரசரைப் பாக்க வர்றது, அந்தப்புரம். அத்தனை சிவப்பும் மஞ்சளும் நிக்கிறது சுண்ணாம்புச் சாந்து மேலதான். ஓவியரைக் கேட்டா முதல்ல சுவர் பதம் பாப்பேன்னுதான் சொல்லியிருப்பார். வேதியியல் பாடத்துல சுண்ணாம்பு வர்ற அன்னிக்குப் பிள்ளைகளை அந்த அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஆசை, தமிழ்ப் பீரியடையும் அன்னிக்கே வச்சுக்கலாம்.

இந்தக் கரையில சுண்ணாம்புக்கு ஒரு வலியும் உண்டு. சிப்பியோட நிக்காம கடல் பாறையை, அதாவது பவளத்தை, வெட்டி எடுத்துச் சுட்டாங்க, வருஷக் கணக்கா. மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு சொல்றோம், அதுல பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ரெண்டும் தண்ணிக்குள்ள போயிடுச்சு, பாறையை வெட்டினது அதுக்கு முக்கியக் காரணம். 1986-ல இருந்தே அது தேசியப் பூங்கா. அழகா ஒரு சுவரைப் பாத்து ரசிக்கும்போது அது எங்க இருந்து வந்துச்சுன்னும் சேத்துத் தெரிஞ்சிருக்கணும், ரசனையில அதுவும் அடங்கும்னு நான் நினைக்கிறேன்.

ஆண்டாளை விட்டுட்டுப் போக மனசு வரல. "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ"ன்னு வெண்சங்கைப் பாத்துக் கேக்குறாளே, கண்ணனோட வாய் வாசம் எப்படி இருந்துச்சுன்னு. சதை எடுக்கிற முத்தத்துல நின்னவங்களுக்கு அழுகுற சங்கோட நாத்தம் தெரியும், ரெண்டு நாள் சோறு இறங்காது. அதே சங்கோட நகத்தைப் பொடிச்சு ஊதுபத்தியில சேக்குறாங்கங்கிறதும் தெரியும். கடல்ல பிறந்ததுன்னு ஆண்டாளே அடுத்த பாட்டுல சொல்றா. அந்த நாத்தத்துல இருந்து அந்த வாசம் வரைக்கும் ஒரு பொருள் போற தூரம் தெரிஞ்சா, அவ கேள்வி எவ்வளவு பெரிய கேள்வின்னு புரியும்.

ஊதுற சங்கைப் பத்திச் சுருக்கமா. நுனியை அறுத்துட்டு உதட்டை வச்சு அதிர விட்டா, உள்ள சுருண்டு விரிஞ்சுக்கிட்டே போற குழாய் அந்த அதிர்வுல தனக்குப் பொருந்துற சுருதியை மட்டும் பெருசாக்கி வெளிய அனுப்புது. பிரான்ஸ்ல மார்சுலா குகையில 1931-ல கிடைச்ச ஒரு சங்கைத் தண்ணி குடிக்கிற பாத்திரம்னு நினைச்சு எடுத்து வச்சிருந்தாங்க. பிறகு நுனி வேணும்னே உடைச்சதுன்னு கவனிச்சு, ஒரு இசைக்கலைஞரை வச்சு ஊதிப் பாத்து, 2021-ல வெளியிட்டாங்க. சுமார் 18,000 வருஷப் பழசு. தொல்லியல்காரருக்குக் கொம்பு வாசிக்கிறவர் தேவைப்பட்டார்.

சித்தப்பா பள்ளிக்கூடம் அதிகம் போகல. தெக்கடல் கச்சான் காத்துல கலங்கிக் கிடக்கும்போது குளிக்கப் போக முடியாது, தண்ணி தெளிஞ்சப்புறம்தான் அடி தெரியும், தெரிஞ்சாலும் சங்கு மணலுக்குள்ள பொதைஞ்சு கிடக்கும். "சங்கைத் தேடாத தாயி, அது நடந்த கோட்டைத் தேடு"ம்பார். மணல்ல புழு தேடி ஊர்ந்து போன தடத்தைப் பாத்து, கோடு பழசா புதுசான்னு கணிச்சு, மூச்சு முடியிறதுக்குள்ள முடிவு எடுக்கணும். பாட்டுக்கு உரை எழுதுறவங்க, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறவங்க எல்லாருக்கும் முன்னாடி அந்தச் சங்கைக் கண்ணால பாத்தவர் ஒரு குளிகாரர். மூலங்கிழார் கையில எடுத்த கொழுந்தும் யாரோ ஒருத்தர் முங்கி எடுத்ததுதானே.

போன லீவுல எங்க தமிழ் டீச்சரும் நானும் எட்டாவது, ஒம்பதாவது பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனோம். பகன்றை அங்க கிடைக்காது, ஆனா அதே குடும்பத்துக் கொடி அடம்பு மணல் பூரா படர்ந்து கிடக்கு, அதோட மொட்டும் முறுக்கிக்கிட்டுத்தான் நிக்கும். இலையை எடுத்துக் காட்டி டீச்சர் குறுந்தொகையில வர்ற "மானடி யன்ன கவட்டிலை அடும்பின்" சொன்னாங்க, 1753-ல லின்னேயஸ் இதுக்குப் பேர் வைக்கும்போது அவர் ஆட்டுக் குளம்பைக் கண்டார்னு நான் சொன்னேன், பிள்ளைங்க மானா ஆடான்னு கட்சி கட்டிச் சண்டை போட்டாங்க. அப்புறம் ஆளுக்கு ஒரு மொட்டும், பொதுவுல ஒரு அறுத்த சங்கும் ஒரு முழுச் சங்கும் குடுத்தோம்.

ஒரு பொண்ணு முழுச் சங்கை ரொம்ப நேரமாத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தா. "டீச்சர், தலைகீழாப் பிடிச்சா வாய் இந்தப் பக்கம் வந்துடுது, ஆனா சுத்து மாறவே இல்லையே, அப்ப இதை எப்படித்தான் வலம்புரியாக்குறது?" நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பக்கத்துல இருந்தவ பையில இருந்து ஒரு சின்ன முகம் பாக்குற கண்ணாடியை எடுத்து சங்குக்கு முன்னாடி நீட்டிட்டா. எல்லாரும் கண்ணாடியைச் சுத்திக் குவிஞ்சாங்க, ஒருத்தன் மொட்டையும் காட்டுன்னான், இன்னொருத்தி தன் கைரேகையைக் காட்டினா. ரெம்ப்ராண்ட் படத்தை அப்பத்தான் போன்ல எடுத்தேன், சிக்னல் வர்றதுக்குக் கொஞ்ச நேரமாச்சு.